கண்மாய்க் கலுங்கும் கப்பலின் கோடும்

கடலைக் காணாத மண்ணில் பிறந்த ஒருவன் கப்பலைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அருப்புக்கோட்டையிலிருந்தோ திருச்சுழியிலிருந்தோ எத்திசையில் நடந்தாலும் நம் கண்முன் விரிவன கரிசலும் செவலும், வேலிக்கருவைக் காடும், வான் பார்த்துக் கிடக்கும் கண்மாய்களுமே. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணல் ஆறாகவே கிடக்கிறது. தறியின் ஓசையையும் மல்லிகையின் மணத்தையும் பாடிய நம் வட்டத்துக் கவிஞர்கள் அலையோசையைப் பாடியது அரிது. ஆயினும் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது என் நெஞ்சில் முதலில் வந்து நின்றது ஒரு கப்பலின் பக்கத்தில் கண்ட வட்டமும் அதன் நடுவே ஓடிய கோடுமே.

சிறுவயதில் உறவினர் ஒருவருடன் தூத்துக்குடிக்குச் சென்றிருந்தேன். துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலின் வயிற்றுப் பகுதியில் வெள்ளை வண்ணத்தில் ஒரு வட்டம். அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு கோடு. பக்கத்தில் ஏணிப்படி போலச் சில சிறு கோடுகள். "அது என்ன?" என்று கேட்டேன். உறவினர் வேளாண்மை செய்பவர். கப்பலைப் பற்றி அவர் அறிந்தது குறைவே. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி இதுக்கு இது இருக்கும்டா" என்றார். பல ஆண்டுகள் கழித்து அக்கோட்டின் வரலாற்றைப் படித்தபோது, அவர் சொன்னது எத்துணை சரியானது என்று உணர்ந்தேன். அவ்வரலாற்றை நம் மண்ணின் கண்கொண்டு பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கலுங்கு சொல்லும் பாடம்

கண்மாயின் கரை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கும் நீர் நிறைக்கலாம் என்று எந்த ஊராரும் எண்ணுவதில்லை. கரையின் தலைக்குக் கீழே, கல்லால் கட்டிய கலுங்கு ஒன்று இருக்கும். நீர் அம்மட்டத்தை எட்டியதும் மிகுதி தானே வழிந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். கலுங்கின் மட்டத்திற்கும் கரையின் தலைக்கும் இடையே விடப்படும் அந்த வெற்றிடம் வீணான இடமன்று. காற்றடிக்கும்போது எழும் அலைக்கும், எதிர்பாராத பெருவெள்ளத்திற்கும் என விட்டுவைத்த காப்பு அது. பொறியியலார் அதனை ஃப்ரீபோர்டு என்பர். கப்பலின் நீர்மட்டத்திற்கும் மேல்தளத்திற்கும் இடைப்பட்ட உயரத்திற்கும் அதே பெயர்தான். ஏரியும் கப்பலும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது தற்செயல் அன்று. ஒன்றில் நீர் உள்ளிருந்து உயர்கிறது. மற்றொன்றில் வெளியிலிருந்து உயர்கிறது. இரண்டிலும் ஆபத்து ஒன்றே.

கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில், அக்கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, ஒரு சாண் நீரைக் கூடுதலாகத் தேக்குவது வழக்கம். பருவம் அறிந்து செய்தால் அது வேளாண்மைக்கு உதவும். பருவம் முடியுமுன் பேராசையால் அடைத்துவிட்டால், நள்ளிரவில் பெய்யும் ஒரு மழை கரையையே கொண்டுபோய்விடும். கரை உடைந்தால் தேக்கிய ஒரு சாண் மட்டுமன்று, கண்மாய் நீர் முழுவதும் போகும். கீழே உள்ள ஊரும் போகும். மேலூரார் அடைப்பைக் கூட்டினார்கள் என்று கீழூரார் சண்டைக்கு வந்த கதைகள் நம் பகுதியில் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே கலுங்கின் மட்டம் என்பது கல்லில் எழுதிய ஓர் ஒப்பந்தம். 'இதற்கு மேல் வேண்டாம்' என்று ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட வரம்பு அது.

பஞ்சுப் பொதியும் பார வண்டியும்

சுமையின் வரம்பை அறிந்த இன்னொருவர் நம் வண்டிக்காரர். பாரம் ஏற்றும்போது எடையை மட்டும் அவர் பார்ப்பதில்லை. முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளும் அளவு கடந்தால் அச்சை முறிக்கும் என்ற உண்மையை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். நம் கரிசலில் அந்தப் பீலிக்கு நிகர் பஞ்சு.

இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் பருத்தி உலகச் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரில் விலைபோயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்குக் கிட்டாமற் போனபோது, இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத கிராக்கி உண்டாயிற்று. நம் பகுதிப் பஞ்சுக்கு வாசல் தூத்துக்குடி. அங்கே கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரமிட்டு நின்றன. வள்ளங்களும் தோணிகளும் பொதிகளைச் சுமந்துபோய்க் கப்பலில் ஏற்றின. வண்டி, தோணி, கப்பல் என்ற மூன்று ஊர்திகளிலும், எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்வியை நம் பஞ்சு எதிர்கொண்டது. பஞ்சு கனமற்றது, கப்பலின் வயிறு நிறைந்தாலும் கோடு மூழ்குவது அரிது. ஆனால் இடம் போதாமல் மேல்தளத்தில் அடுக்கினால் கப்பலின் தலை கனக்கும். அலையில் சாய்ந்த கப்பல் நிமிராது. எடை கூடினால் அமிழ்வதும், உயரம் கூடினால் கவிழ்வதும் இரு வேறு சாவுகள். வண்டிக்காரருக்கு இரண்டும் தெரியும்.

பழைய குறிகள்

கப்பலின் சுமைக்கு வரம்பு கட்டும் எண்ணம் பழமையானது. நடுக்கால வெனிசு நகரத்தார் தம் கப்பல்களின் பக்கத்தில் சிலுவைக் குறி இட்டனர். ஜெனோவா நகரத்தார் மூன்று கோடுகளால் அளவு குறித்தனர். நம் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்திலும் பொருள்களின் மீது புலிக்குறி பொறிக்கப்பட்டதை அறிவோம். ஆயின் அது சுங்கத்தின் முத்திரை. பொருளைக் காக்க அரசு இட்ட குறிக்கும், ஆளைக் காக்க இட்ட குறிக்கும் வேறுபாடு உண்டு. கடல் வாணிபத்தின் நீண்ட வரலாற்றில் முதலாவது எளிதாக வந்துவிட்டது. இரண்டாவதற்காகப் போராட வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகக் கடல் வாணிபத்தின் தலைமை பிரிட்டனிடம் இருந்தது. 1835இல் லாயிட்ஸ் நிறுவனத்தார் ஒரு கணக்குச் சொன்னார்கள்: சரக்கறையின் ஆழம் ஓர் அடிக்கு மூன்று அங்குலம் வீதம் கப்பலின் பக்கம் நீருக்கு மேல் நிற்க வேண்டும். நல்ல கணக்குதான், ஆனால் அது அறிவுரையே அன்றிச் சட்டமன்று. ஏற்ற ஏற்ற வாடகை கூடும். கப்பல் மூழ்கினாலும் காப்பீட்டுத் தொகை வரும். பழங்கப்பலை அதன் மதிப்புக்கு மேல் காப்பீடு செய்துவிட்டால், அது கரை சேர்வதைவிட மூழ்குவதே சில முதலாளிகளுக்கு ஆதாயம். இத்தகைய கப்பல்களை மாலுமிகள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர்.

இதிலும் கொடியது ஒன்று உண்டு. வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட மாலுமி, துறைமுகத்திற்கு வந்து கப்பலின் நிலையைக் கண்டு, "இதில் ஏறமாட்டேன்" என்று சொன்னால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. கடலில் சாவதா, சிறையில் கிடப்பதா என்பதே அவன் முன் இருந்த கேள்வி.

நிலக்கரி வணிகரின் குரல்

இந்நிலையை மாற்றிய பெருமை சாமுவேல் பிளிம்சாலுக்கு உரியது. 1824இல் பிரிஸ்டல் நகரில் பிறந்த இவர் மாலுமி அல்லர், நிலக்கரி வணிகர். ஒரு காலத்தில் வணிகம் நொடித்து, இலண்டனில் ஏழைகள் தங்கும் பொது விடுதிகளில் காலம் கழித்தவர். அங்கே கண்ட ஏழை மக்களின் ஒருவருக்கொருவர் உதவும் பண்பு அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. 1868இல் டார்பி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். சுமைக் கோடு வேண்டும் என்ற கருத்தை அவருக்கு முன்பே எடுத்துச் சொன்னவர் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி. கப்பல் முதலாளிகள் அனைவரும் ஒரே குணத்தினர் அல்லர் என்பதற்கு இவர் சான்று. நேர்மையாக அளவோடு ஏற்றுபவர், அளவின்றி ஏற்றுபவரோடு போட்டியிட முடியாமல் தவித்தார் என்பதே உண்மை. சட்டம் இல்லாத இடத்தில் நல்லவன் நட்டப்படுகிறான்.

1873இல் பிளிம்சால் 'நம் மாலுமிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூல் நாட்டை உலுக்கிற்று. அதே ஆண்டில் விசாரணைக் குழு அமைந்தது. பிளிம்சாலின் எல்லாக் குற்றச்சாட்டுகளும் மெய்ப்பிக்கப்படவில்லை. அவதூறு வழக்குகளும் அவர் மேல் பாய்ந்தன. மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் உண்டு. சினம் மிகுந்தவரின் ஏட்டில் பிழைகள் நுழைவது இயல்பு. ஆனால் அவர் சொன்ன அடிப்படையான உண்மையை எவராலும் மறுக்க முடியவில்லை.

எதிர்த்தவர்களின் வாதங்களையும் நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு வடிவம். எல்லாவற்றுக்கும் ஒரே கோடு எப்படி வரைவது? அயல்நாட்டுக் கப்பல்களுக்கு இல்லாத தளையை நம் கப்பல்களுக்கு இட்டால் வாணிபம் அயலாரிடம் போகாதா? அரசு கோடு வரைந்துவிட்டால், விபத்து நேரும்போது முதலாளி தன் பொறுப்பை அரசின் மேல் சுமத்திவிட மாட்டானா? இவை வெறும் சாக்குகள் அல்ல. முதல் கேள்விக்குக் கணக்கறிஞர்களும், இரண்டாவதற்கு நாடுகளின் உடன்படிக்கைகளும் பிற்காலத்தில் விடை தேடினர். மூன்றாவது கேள்வி இன்றும் முற்றிலும் தீரவில்லை.

1875 ஜூலை 22ஆம் நாள். கப்பல் சட்ட முன்வடிவு அவ்வாண்டு கைவிடப்படுகிறது என்று பிரதமர் டிஸ்ரேலி அவையில் அறிவித்தார். பிளிம்சால் பொறுக்கவில்லை. மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவர்கள் என்று அவையிலேயே முழங்கினார். சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து வெளியேறினார். ஒரு வாரம் கழித்து அவையின் மரபுக்கு மாறாக நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நாடே அவர் பின்னால் திரண்டுவிட்டது. அரசு இறங்கிவந்து அவசரமாகத் தற்காலிகச் சட்டம் ஒன்றை இயற்றியது. அடுத்த ஆண்டு, 1876இல், கப்பலின் பக்கத்தில் சுமைக் கோடு இடுவது கட்டாயம் ஆயிற்று.

1876: ஓர் ஆண்டு, மூன்று காட்சிகள்

அந்த 1876ஆம் ஆண்டை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இலண்டனில் மாலுமியின் உயிரைக் காக்கும் சட்டம் பிறந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கரிசலின் பஞ்சு துறைமுகத்தை விரைந்து அடைய வழி பிறந்தது. அதே ஆண்டில் தான் தாது வருடப் பஞ்சமும் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்த்த வறண்ட நாட்டிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகத் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடந்து, இலங்கைத் தோட்டங்களை நோக்கிக் கடல் கடந்தனர்.

பிளிம்சாலின் இரக்கம் பெரியது. ஆயினும் அவர் நூலின் தலைப்பில் உள்ள 'நம்' என்ற சொல்லுக்கு எல்லை இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் உழைத்த இந்திய மாலுமிகளான லஸ்கர்களுக்கு, ஐரோப்பிய மாலுமிக்கு ஒதுக்கிய இடத்தைவிடக் குறைந்த இடமே கப்பலில் ஒதுக்கப்பட்டது. மேல்தளத்தில் நெருக்கி ஏற்றப்பட்ட நம் மக்களுக்காக அவையில் கை ஓங்கிய உறுப்பினர் என ஒருவர் பெயரும் அவ்வாறு நிலைக்கவில்லை. இந்தியப் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கு 1887இல் தனிச் சட்டம் வந்தது. எத்தனை பயணிகளை ஏற்றலாம் என்று சான்றிதழில் குறிக்கும் முறை அதில் இருந்தது. ஆளும் சரக்கைப் போல எண்ணப்பட்ட காலம் அது. எண்ணிக்கைக்கு ஒரு வரம்பாவது இருந்தது என்று ஆறுதல் கொள்ளலாம்.

புகைபோக்கியில் வரைந்த கோடு

1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கோடு இட வேண்டும் என்றது சட்டம். எங்கே இட வேண்டும் என்பதைக் கப்பல் முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. கார்டிஃப் துறைமுகத்தில் ஒரு கப்பல் தலைவர் அக்கோட்டைப் புகைபோக்கியின் மேல் வரைந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கலுங்கின் மட்டத்தை ஊராரிடமே விட்டால் சிலர் அதனைக் கரையின் தலையிலேயே வைப்பர் அன்றோ?

பின்னர் லாயிட்ஸ் பதிவகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் மார்ட்டெல் போன்றோர் கப்பலின் நீளம், ஆழம், வடிவம், கட்டுமானம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு பட்டியல்கள் வகுத்தனர். 1882இல் அப்பட்டியல்கள் வெளிவந்தன. 1890இல் தான் கோட்டின் இடமும் சட்டத்தால் நிறுவப்பட்டது. கோடு வேண்டும் என்பதற்கும், கோடு இங்கே என்பதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். 1898இல் பிளிம்சால் மறைந்தார். 1906இல் பிரிட்டிஷ் துறைமுகங்களில் சரக்கேற்றும் அயல்நாட்டுக் கப்பல்களும் இவ்விதிக்கு உட்பட்டன. இதே 1906இல் தான் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார் என்பதை நினைவு கூர்வோம்.

1930இல் இலண்டனில் கூடிய நாடுகள் முதல் பன்னாட்டுச் சுமைக் கோட்டு உடன்படிக்கையைச் செய்தன. 1966 ஏப்ரல் 5ஆம் நாள் புதிய உடன்படிக்கை உருவாகி, 1968 ஜூலை 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் சுமைக் கோட்டு விதிகளை விரிவாகக் கொண்டிருந்தது. 2025இல் நாடாளுமன்றம் அதனிடத்தில் புதியதொரு சட்டத்தை நிறைவேற்றியது. மும்பையில் 1975இல் தொடங்கிய இந்தியக் கப்பல் பதிவகம் கப்பல்களை ஆய்ந்து தரம் பிரிக்கும் நம் நாட்டு நிறுவனம். அது கோடு குறித்த கப்பல்களில் வட்டத்தின் இருபுறமும் அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் காணலாம்.

வட்டமும் ஏணிப்படியும்

இனி அக்குறியை நெருங்கிப் பார்ப்போம். வட்டத்தின் வெளி விட்டம் 300 மில்லிமீட்டர். அதனைக் குறுக்கே வெட்டும் கோடு 450 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. அக்கோட்டின் மேல்விளிம்பே கோடைக்கால வரம்பு. பக்கத்தில் உள்ள ஏணிப்படிகள் நீரின் தன்மைக்கும் காலநிலைக்கும் ஏற்ற ஆறு வரம்புகள்: வெப்பமண்டல நன்னீர், நன்னீர், வெப்பமண்டலக் கடல், கோடை, குளிர்காலம், வட அட்லாண்டிக் குளிர்காலம்.

ஏன் ஆறு? கடல் நீர் உப்பால் கனத்தது. நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது. ஆற்றுத் துறையில் நிற்கும் கப்பல் அதே சுமையோடு கடலுக்குள் சென்றால் சற்று மேலெழும். ஆகவே நன்னீரில் கூடுதலாக அமிழ விடலாம். அடுத்து, காலம். அமைதியான வெப்பமண்டலக் கடலில், கோடைக்கால அமிழ்வு ஆழத்தில் 48இல் ஒரு பங்கு கூடுதலாக அமிழலாம்; குளிர்காலக் கடலில் அதே 48இல் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் 12 மீட்டர் அமிழும் கப்பலுக்கு இவ்வேறுபாடு கால் மீட்டர். பெரிய கப்பலில் அந்தக் கால் மீட்டர் என்பது பல நூறு டன் சரக்கு. பல நூறு டன் வாடகையை விட்டுக்கொடுத்து வாங்கப்படுவதே மாலுமியின் உறக்கம்.

இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளப் பித்தளைக் குடம் போதும். பாதி நீர் உள்ள குடத்தைக் கண்மாயில் மிதக்க விடுங்கள். விளிம்பு நீருக்கு மேல் நான்கு விரல் நிற்கும்வரை, அலை வந்து தட்டினாலும் குடம் ஆடி நிமிரும். விளிம்பு ஒரு விரல் மட்டுமே நிற்கும்படி நிரப்பிவிட்டால், பக்கத்தில் ஒருவர் கால் கழுவும் அலையே போதும். மேலே விட்ட அந்த நான்கு விரல் தான் குடத்தின் ஆயுள்.

நம் வண்டி மாடுகளுக்கும் இத்தகைய விதி உண்டு என்பதைப் பலர் அறியார். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், மாட்டின் அளவையும் சக்கரத்தின் வகையையும் கொண்டு வண்டியில் ஏற்றத்தக்க எடையை வரையறுக்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை மாடுகளைப் பூட்டலாகாது என்றும் கூறுகின்றன. வட அட்லாண்டிக்கின் குளிருக்கு ஒரு கோடு என்றால், நம் சித்திரை வெயிலுக்கும் ஒரு கோடு. அவ்விதியைப் படித்த வண்டிக்காரரை நான் கண்டதில்லை. அதனைப் படிக்காமலே கடைப்பிடித்த பலரைக் கண்டிருக்கிறேன்.

ஒரே மேகம்

பன்னாட்டு உடன்படிக்கை உலகக் கடல்களைப் பருவவாரியாகப் பிரித்துள்ளது. வங்கக் கடலில் டிசம்பர் முதல் ஏப்ரல் முடிய வெப்பமண்டல வரம்பு. மே முதல் நவம்பர் முடியக் கோடை வரம்பு. அதாவது காற்றும் புயலும் மிகுந்த மாதங்களில் குறைவாக ஏற்ற வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாம் வானத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கிறோம். வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாயிற்று என்ற செய்தி திருச்சுழி உழவருக்குத் தேன்; அதே செய்தி கடலில் இருப்பவருக்கு நஞ்சு. நம் கண்மாயை நிரப்பும் மேகமே அவர் கப்பலை ஆட்டுகிறது. இந்த முரணை எந்தக் கவிஞரும் பாடலாம்.

காலக் கணக்கும் முழுக்காப்பு அன்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலையே கடலுக்குள் இழுத்தது. இன்றைய ஏட்டின்படி டிசம்பர் அமைதியான மாதம். ஏட்டைப் படித்துவிட்டுப் புயல் வருவதில்லை. எனவேதான் கோடு குறைந்தபட்சக் காப்பே. அதற்கு மேல் வேண்டுவது தலைவனின் அறிவு. தூத்துக்குடித் தோணிகளை நடத்தும் தண்டல்கள் இதனை நன்கு அறிவர். மாலத்தீவுக்குக் கட்டுமானப் பொருள்களும் காய்கறிகளும் சுமந்து செல்லும் அத்தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலுக்குச் செல்லாமல் கரையில் ஓய்வு கொள்கின்றன. மரத்தோணிக்கும் ஃப்ரீபோர்டு உண்டு. ஆனால் கோட்டுக்கு முன்பே காற்றைப் படிக்கும் கண் வேண்டும்.

கோட்டை ஏமாற்றியவர்கள்

விதி இருந்தும் மனிதர் அதனை எவ்வாறு வெல்கின்றனர் என்பதற்கு அண்மைக்காலச் சான்று தென்கொரியாவின் சேவோல் கப்பல். 2014 ஏப்ரல் 16ஆம் நாள் அது கவிழ்ந்து 304 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர். அனுமதித்த அளவைப் போல் இரு மடங்குக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தனர். அவ்வளவு ஏற்றியும் சுமைக் கோடு மூழ்கவில்லை. ஏனெனில் கப்பலின் அடியில் நிலைப்பாட்டுக்காக நிரப்பி வைக்க வேண்டிய நீரை வெளியேற்றிவிட்டு, அந்த எடைக்கு ஈடாகச் சரக்கை மேலே ஏற்றினர். வெளியில் நின்று பார்த்தவர் கண்ணுக்குக் கோடு சரியாகவே இருந்தது. அடிப்பாரம் இல்லாத கப்பல் திரும்பும்போது சாய்ந்தது; நிமிரவில்லை. எழுத்தைக் காத்துப் பொருளைக் கொன்ற செயலுக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் பக்கத்திலும் துயரங்கள் உண்டு. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. 2011 டிசம்பர் 25இல் பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். ஆழ்கடலின் கப்பலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட அறிவு, ஏரிப் படகின் துறைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கோடு இல்லாத படகுகள்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கடைசிக் காரணத்தை இனிச் சொல்கிறேன். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் மக்களின் முகாம்களுள் ஒன்று நம் வறண்ட நாட்டில், குல்லூர்சந்தையில், உள்ளது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தான். ஒரு காலத்தில் நம் முன்னோர் பஞ்சத்துக்கு அஞ்சி அக்கடலைத் தெற்கு நோக்கிக் கடந்தனர். நூறாண்டு கழித்து அவர்தம் வழிவந்தோரும் பிறரும் போருக்கு அஞ்சி வடக்கு நோக்கிக் கடந்தனர். மீன்பிடிக்கும் சிறு படகுகளில், விளிம்புவரை நெருக்கி, இருளில் வந்தார்கள். அப்படகுகளின் பக்கத்தில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை.

பிளிம்சாலின் கோட்டை ஆழ்ந்து நோக்கினால், அது மறுக்கும் உரிமையின் அடையாளம் என்பது விளங்கும். "இதற்கு மேல் ஏற்றினால் நான் ஏறேன்" என்று சொல்ல மாலுமிக்குக் கிடைத்த துணை அது. கரையில் வாழ வழியுள்ளவன்தான் அவ்வாறு மறுக்க முடியும். கரையே எரியும்போது, படகில் எத்தனை பேர் என்று எவரும் எண்ணுவதில்லை. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு, விளிம்பு நீருக்கு மேல் எத்தனை விரல் நிற்கிறது என்று பார்க்க நேரம் ஏது? ஆகவே கப்பலில் கோடு வரைவதோடு கடமை முடிவதில்லை. எவரும் அளவு மீறிய படகில் ஏற வேண்டாத நிலையைக் கரையில் உண்டாக்குவதும் அக்கடமையின் பகுதியே. சட்டம் முதலாவதைச் செய்தது. இரண்டாவது இன்னும் மீதம் இருக்கிறது.

நிறைவாக

கோட்டின் வரலாறு நமக்குச் சொல்வது என்ன? வரம்பு என்பது முதலில் ஒருவரின் மனச்சான்றில் தோன்றுகிறது, பிறகு பலரின் குரலாகிறது, பிறகு சட்டமாகிறது, சட்டமான பின்னும் அதன் இடம் எது என்று நெடுங்காலம் வாதிட வேண்டியிருக்கிறது, இடம் நிலைத்த பின்னும் அதனை ஏமாற்ற வழி தேடுவோர் உளர். கலுங்கைக் கட்டியதோடு ஊர் உறங்கிவிட முடிவதில்லை. மழை இரவில் கரையில் காவல் நிற்க ஆள் வேண்டும்.

சொற்களைச் சுமப்பவர்களாகிய நாமும் இதனை எண்ணிப் பார்க்கலாம். நம் வட்டம் பத்தாண்டுகள் மிதந்திருக்கிறது. அடுத்த முறை தூத்துக்குடிக்குச் செல்லும் அன்பர்கள் கப்பலின் பக்கத்தில் உள்ள அந்த வட்டத்தையும் கோட்டையும் தேடிப் பாருங்கள். திரும்பும் வழியில் நம் கண்மாயின் கலுங்கையும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இரண்டையும் வகுத்தவர்களின் பெயர்கள் கல்லிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. அவர்கள் விட்டுவைத்த அந்த நான்கு விரல் இடத்தில்தான் நாம் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.